பர்சோன் சரிபார்த்த ஸ்டிரர்

ஒரு மொழி சுத்தமாகத் தெரியாதவர்களால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. புரியவில்லை என்றால் "என்ன?" என்று திரும்பக் கேட்பார்கள், கையால் ஜாடை காட்டுவார்கள், எப்படியோ காரியம் நடந்துவிடும். அந்த மொழியில் பரீட்சை எழுதிப் பாஸானவர்கள்தான் ஆபத்தானவர்கள். அவர்களுக்குத் திரும்பக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்காது. நான் திண்டுக்கல்லில் இருந்தபடியே இந்தியில் கடைசிப் பரீட்சை வரை எழுதித் தேறியவள். (பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்த குற்றத்துக்கு முன்கதை வேண்டுமே என்று சொல்கிறேன்.)

வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்ததும் எனக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. திருமுல்கேரியில் ஒரு மாடியில் இருந்த உணவுப் பரிசோதனைக் கூடம். கடைகளுக்கு வருகிற தேன், நெய், சர்பத், மசாலாப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது, என்ன கலந்திருக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்வது வேலை. தங்குவதற்கு லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் சித்தப்பா வீடு. ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகு நிரந்தரம் என்று உத்தரவில் போட்டிருந்தார்கள். அப்பா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நிரந்தரம் பண்ணலேன்னா அன்னைக்கே பஸ் ஏறிடணும். பேங்க் பரீட்சைக்குப் படிக்கலாம்" என்றார். பேங்க் என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். ஆகவே அந்த ஆறு மாதத்தை எப்படியாவது ஒழுங்காகத் தாண்டியாக வேண்டும் என்பதுதான் என் வாழ்க்கையின் ஒரே லட்சியமாக இருந்தது.

முதல் நாளே என் இந்தியை வெளியில் எடுத்தேன். ஆட்டோக்காரரிடம், "க்ருபயா முஜே திருமுல்கேரி லே சலியே" என்று, அதாவது தயவுசெய்து என்னைத் திருமுல்கேரிக்குக் கூட்டிப்போங்கள் என்று, செய்தி வாசிக்கிற அம்மாள் மாதிரி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நக்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'வேண்டாம், மாட்டேன்' என்பதற்கு அந்த ஊர் வார்த்தை அது; என் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. இலக்கணம் தெரியாத மனுஷன் என்று பரிதாபப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். சாயங்காலம் சித்தியிடம் சொன்னபோது, "ஏத்தா, உன் இந்தியப் பரண்ல போட்டுட்டு, தமிழ்லயே பேசி கைய ஆட்டு. வந்துருவான்" என்றாள். நான் கேட்டால்தானே?

லாபில் மூன்றே பேர். தலைவி விஜயலட்சுமி மேடம், ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தெலுங்குக்காரர். கருவிகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற மொயின் பாய், இருபது வருடமாக அங்கே இருப்பவர். மூன்றாவது நான். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்றால், அந்த ஸ்டிரர்.

ஸ்டிரர் என்பது பெரிய விஞ்ஞான அதிசயம் ஒன்றுமில்லை. மேலே ஒரு தட்டு, அது சூடாகும். தட்டுக்கு அடியில் ஒரு காந்தம் சுற்றும். மாத்திரை அளவில் ஒரு வெள்ளைக் காந்தத் துண்டைக் குடுவைக்குள் போட்டுத் தட்டின்மேல் வைத்தால், அடியில் இருக்கிற காந்தத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றி, உள்ளே இருப்பதைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே சூடு பண்ணுகிற வேலைதான். வீட்டில் பால்கோவாவுக்குச் சித்தி கரண்டியால் செய்வதை இது காந்தத்தால் செய்கிறது.

எங்கள் ஸ்டிரர் அந்த லாபிலேயே மூத்தது. சூட்டுக்கு ஒரு குமிழ், சுற்றுக்கு ஒரு குமிழ். எது எது என்று எழுதியிருந்த எழுத்துகள் எப்போதோ தேய்ந்துபோய், எண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. காலையில் சுற்ற மறுக்கும். மொயின் பாய் வந்து பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் சுற்றும். நான் தட்டினால் சுற்றாது. அவர் எந்த இடத்தில் தட்டுகிறாரோ அதே இடத்தில், அதே மாதிரி தட்டிப் பார்த்திருக்கிறேன். கை வலித்ததுதான் மிச்சம்.

ஐந்தாவது மாதத்தில் ஆடிட் வந்தது. லாபுக்கு முதல் தடவையாக அங்கீகாரம் கேட்டு மேடம் விண்ணப்பித்திருந்தார். அதற்காக வெளியூரிலிருந்து ஒரு ஆடிட்டர் வந்து, நாங்கள் எழுதிவைத்த ஒவ்வொரு காகிதத்தையும் பார்ப்பார். ஆடிட் அன்று காலை ஒன்பது மணிக்கு மேடம் தன் அறையிலிருந்து கத்தினார்: "செல்வி, லாக் புக்ஸ் அன்னி சூடு! ஒக்க பாக்ஸ் கூட காலிகா உண்டகூடது!" லாக் புத்தகங்களையெல்லாம் பார்க்க வேண்டுமாம், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாதாம்.

கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. எல்லாவற்றையும் புரட்டினேன். ஸ்டிரரின் புத்தகத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'கடைசியாகக் கேலிப்ரேஷன் செய்த தேதி.' அதாவது, ஸ்டிரர் அறுபது டிகிரி என்று சொன்னால் அது நிஜமாகவே அறுபதுதானா என்று வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து தன் கருவியை வைத்துச் சோதித்துவிட்டுப் போன நாள். பழைய புத்தகத்தின்மேல் யாரோ சர்க்கரைப் பாகைக் கொட்டியதால் இது புதிதாகத் தொடங்கிய புத்தகம். ஸ்டிரரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துடைத்துத் துடைத்தே வெள்ளையாக்கியிருந்தார்கள்.

நேரே மொயின் பாயிடம் போனேன். "க்ருபயா பதாயியே, இஸ் யந்த்ர் கா அந்திம் பரீக்ஷண் கப் ஹுவா தா?" இந்த இயந்திரத்தைக் கடைசியாகச் சோதித்தது எப்போது என்று கேட்டேன்.

அவர் துடைத்துக்கொண்டிருந்த குடுவையைக் கீழே வைத்தார். "கைக்கு?" என்றார், ஏன் என்கிற அர்த்தத்தில். நான் ஸ்டிரரைக் காட்டி, "கேலிப்ரேஷன், கேலிப்ரேஷன்" என்றேன்.

"ஹவ், ஹவ். கேலிப்ரேஷன்வாலா பர்சோனிச் தோ ஆயா தா." ஆமாம், கேலிப்ரேஷன்காரன் பர்சோன்தானே வந்தான் என்கிறார்.

பர்சோன்! எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடந்த காலத்தில் பர்சோன் என்றால் முந்தாநாள், எதிர்காலத்தில் என்றால் நாளை மறுநாள். என் பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். இன்றைய தேதியில் இரண்டைக் கழித்தேன், எழுதினேன். பக்கத்திலேயே 'நேரில் கண்டவர்' என்று இன்னொரு கட்டம். அதுவும் காலியாக இருக்கக் கூடாதே! என் பெயரை எழுதி அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

முந்தாநாள் என்ன நாள் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். முந்தாநாள் பிள்ளையார் கரைக்கிற நாள். ஊரே ரோட்டில் நிற்க, லாப் பூட்டியிருந்தது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தியோடு ஊர்வலம் பார்க்கப் போய், மணிக்கணக்கில் நின்று, இரண்டு காலிலும் கொப்புளத்தோடு வந்தவள் நான்தான். அந்தக் கொப்புளத்தோடேதான் நின்றுகொண்டு அந்தத் தேதியை எழுதினேன். கழித்தல் கணக்கு சரியாக வந்தால் போதும் என்று நினைக்கிற மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. என் பெயரைக் கேட்டதும் தமிழுக்குத் தாவினார். "எந்த ஊருங்க உங்களுக்கு?"

"திண்டுக்கல் சார்."

"அட, நம்ம பக்கந்தானுங்க! நான் கோயமுத்தூருங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நிரந்தர உத்தரவு கையில் வந்துவிட்ட மாதிரியே இருந்தது. போதாக்குறைக்கு மேடம் ஏதோ போன் பேச வெளியே போக, லாபைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவர் நேராக ஸ்டிரரிடம் போய் நின்றார். வேறு பதினோரு கருவிகள் இருந்தன. அதில் ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை.

லாக் புத்தகத்தைத் திறந்தார். "முந்தாநாள்தான் பாத்திருக்காங்க. பரவால்லீங்களே! சரி, அறுபதுல வைங்க, பாத்துப்போடலாம்."

மேஜையில் சோதனைக்கு வந்த ரோஸ் சர்பத் ஒன்று இருந்தது. அதைத் தண்ணீரில் கலந்து குடுவையில் ஊற்றி, காந்தத் துண்டைப் போட்டு, குமிழை அறுபதில் வைத்தேன். ஆடிட்டர் தன் தெர்மாமீட்டரைக் குடுவைக்குள் விட்டார். நாற்பது, ஐம்பது, அறுபது. நான் சிரித்தேன். அறுபத்தாறு. நான் சிரிப்பைக் குறைத்துக்கொண்டேன். எழுபத்தி மூன்று. எண்பது. லாப் முழுக்கக் கல்யாண வீட்டு வரவேற்பு வாசனை அடித்தது. சூட்டைக் குறைக்கலாம் என்று பதற்றத்தில் ஒரு குமிழைத் திருப்பினேன். அது சுற்றுக்கான குமிழ். உள்ளே இருந்த காந்தத் துண்டு தறிகெட்டுப்போய்க் கண்ணாடியில் கடகடவென்று முட்டி, சர்பத்தை வாரி இறைத்தது. பாதி லாக் புத்தகத்தின்மேல், பாதி ஆடிட்டரின் சட்டைக் கையில்.

மொயின் பாய் நிதானமாக வந்தார். சரியான குமிழைப் பிடித்து நாற்பதுக்குத் திருப்பினார். "ஸாட் ஹோனா போலே தோ சாலீஸ் பே ரக்னா, மேடம்" என்றார். (என்னையும் அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார்.) அறுபது வேண்டுமென்றால் நாற்பதில் வைக்க வேண்டுமாம். இது லாபில் எல்லோருக்கும் தெரியுமாம். ஐந்து மாதமாக அதே லாபில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும், குமிழைத் திருப்புவது எப்போதும் மொயின் பாய் என்பதால், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. (ஒருவேளை சொல்லியிருப்பார்கள். என் காதுக்கு அது இலக்கணப் பிழையாகப் பட்டிருக்கும்.) நல்லவேளையாக, ஒவ்வொரு சோதனையிலும் சூட்டைத் தனித் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் எழுதுவோம். அதனால் சோதனை முடிவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன.

ஆடிட்டர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முந்தாநாள் சரிபார்த்த மெஷின் ரெண்டே நாள்ல இருவது டிகிரி தப்புங்களா? பாத்துட்டுப் போனவன் சரியில்லீங்க. விசாரிச்சே ஆகோணும்." பிறகு மொயின் பாயைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "க்யா ஆப் நிஷ்சித் ரூப் ஸே கஹ் ஸக்தே ஹைன் கி வே பர்சோன் ஆயே தே?" என்று கேட்டார். அவர் முந்தாநாள் வந்தார் என்று உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று.

எனக்குப் புல்லரித்துப்போனது. அட, இவரும் பரீட்சை எழுதியவர்!

மொயின் பாய் கொஞ்சமும் தயங்கவில்லை. "ஹவ் ஸாப், பர்சோனிச் ஆயா. மை சாய் பி பிலாயா உஸ்கூ."

டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நானும் ஆடிட்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். இந்தி கற்ற இரண்டு பேர் சேர்ந்து உண்மையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி எங்களுக்கு.

அப்போதுதான் மேடம் உள்ளே வந்தார். ரோஸ் நிறமான மேஜையைப் பார்த்தார், ரோஸ் நிறமான ஆடிட்டரைப் பார்த்தார், கடைசியில் லாக் புத்தகத்தைப் பார்த்தார். "செல்வி, நிமஜ்ஜனம் ரோஜு எவரு வச்சாரு?" என்றார். பிள்ளையார் கரைக்கிற நாளில் யார் வந்தார்கள் என்று கேட்கிறார். அன்று லாப் பூட்டியிருந்தது, சாவி தன் கைப்பையில் இருந்தது என்று ஆடிட்டருக்கு ஆங்கிலத்திலும் சொல்லிவைத்தார்.

ஆடிட்டரின் முகத்தில் இருந்த 'நம்ம பக்கம்' போன இடம் தெரியவில்லை. "பூட்டியிருந்ததுங்களா? அப்ப நேரில் கண்டதாப் போட்டிருக்கிற இந்தக் கையெழுத்து?"

இந்தத் தொழிலில் குடுவையை உடைக்கலாம், சர்பத்தைக் கொட்டலாம். நடக்காததை நடந்ததாக எழுதினால் மட்டும் மன்னிப்பே கிடையாது. திண்டுக்கல் பஸ்ஸின் ஜன்னலோரச் சீட் கண்முன்னால் வந்து நின்றது.

மேடம் மொயின் பாய் பக்கம் திரும்பி, ஹைதராபாத்தில் பிறந்தவர்கள் மட்டுமே கேட்கத் தெரிந்த அந்தக் கேள்வியைக் கேட்டார். "கோன்ஸா பர்சோன், பாய்?" எந்தப் பர்சோன்?

மொயின் பாய் மேலே மின்விசிறியைப் பார்த்து யோசித்தார். "மேரி சோட்டி பச்சி தீஸ்ரி ஜமாத் மே தி." சின்ன மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது.

"அப் க்யா பட்ரி?" இப்போது என்ன படிக்கிறாள் என்று மேடம் கேட்டார்.

"இன்டர் செகண்ட் இயர்."

மூன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் நடுவில் ஒன்பது வருடம். அந்தக் கழித்தலையும் நானே போட்டேன்.

இந்த ஊரில் நேற்றுக்கு முன்னால் நடந்ததெல்லாம் பர்சோன்தான் என்று மேடம் பொறுமையாக விளக்கினார். போன வாரம் பர்சோன், போன வருடமும் பர்சோன், சார்மினார் கட்டியதும் பர்சோன். ஆடிட்டர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்: "இவரு தப்பாச் சொல்லிட்டாருன்னு எழுதிப்போடலாமுங்களா? உங்களுக்குப் பிரச்சனை இருக்காது."

உண்மையைச் சொல்கிறேன், "ஆமாம் சார்" என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு நொடி போயிருந்தால் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்குள் மொயின் பாய், எங்கள் தமிழ் புரியாவிட்டாலும் நான் அழப்போகிறேன் என்பது மட்டும் புரிந்து, ஈரத்துணியோடு ஆடிட்டர் அருகே வந்தார். எனக்காகக் கெஞ்சுகிற குரலில் சொன்னார்:

"சோட் தோ ஸாப். மேடம்கு ஹிந்தி நை ஆத்தி."

விட்டுவிடுங்கள் ஐயா, அந்தம்மாவுக்கு இந்தி தெரியாது!

என் வாழ்நாளில் என்னை அவ்வளவு அவமானப்படுத்தியவரும் இல்லை, அவ்வளவு அன்பாகக் காப்பாற்றப் பார்த்தவரும் இல்லை. எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இவர் சரியாத்தான் சொன்னார் சார்" என்றேன். "எனக்குத்தான் புரியல. நான் பாக்காததைப் பாத்ததா எழுதிட்டேன். தப்பு என்னோடது."

ஆடிட்டர் நெடுநேரம் எழுதினார். ஆடிட் உலகத்தில் ஒரு தப்பைத் தப்பு என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அதற்கு மூலகாரணம் எழுத வேண்டும், நிவர்த்தி எழுத வேண்டும், நிவர்த்தி நடந்ததற்கு ஆதாரம் வைக்க வேண்டும். என் தப்புக்கு அவர் கண்டுபிடித்த மூலகாரணம்: 'பணியாளருக்கு உள்ளூர் மொழியில் பயிற்சி போதாது.' நிவர்த்தி: 'தகுதியுள்ளவர் மூலம் பயிற்சி அளித்து, தேர்வு நடத்தி, மதிப்பெண்ணைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.' அதைச் சேர்த்த பிறகுதான் என்னை நிரந்தரமாக்குவதாக மேடம் அங்கேயே சொல்லிவிட்டார். ஆடிட்டர் கிளம்பும்போது, தன் சின்ன டைரியிலும் 'பர்சோன்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

தகுதியுள்ளவர் யார்? மொயின் பாய்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

பன்னிரண்டு நாள், சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் வகுப்பு. வருகைப்பதிவேடு உண்டு. பயிற்சியாளர் கையெழுத்தை அவர் உருதுவில் போட, மாணவி கையெழுத்தை நான் போட வேண்டும். 'அபி ஆத்தா', அதாவது இதோ வருகிறேன், என்று ஒருவர் சொன்னால் அவருக்காகக் காத்திருக்கக் கூடாது. 'பாஞ்ச் மினிட்', ஐந்து நிமிஷம், என்றால் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். 'தேக்கேங்கே', பார்க்கலாம், என்றால் நடக்காது. நான் நடுவில் ஒருநாள் பெண்பால், ஆண்பால் பற்றி ஏதோ சந்தேகம் கேட்டேன். "வோ ஸப் நக்கோ" என்று ஒதுக்கித் தள்ளிவிட்டார்.

கடைசி நாள் பரீட்சை. அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அதன் அர்த்தத்தை நான் சொல்ல வேண்டும். மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நூற்றுக்கு எத்தனை என்று மொயின் பாய் கணக்குப் பார்த்து எழுதிக் காகிதத்தை நீட்டினார்.

முப்பத்திநாலு. பாஸுக்கு முப்பத்தைந்து.

மேடமே பதறிப்போனார். "ஒரு மார்க்குதானே பாய், சேர்த்துப் போடுங்க. பாவம், இந்தப் பெண்ணுக்கு வேலை விஷயம்" என்று மொயின் பாயின் பாஷையிலேயே கெஞ்சினார். நானும் முகத்தை எவ்வளவு பாவமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டேன். ஆடிட்டரிடம் எனக்காகப் பரிந்து பேசிய மனுஷன்தானே, இரங்கமாட்டாரா என்ன?

மொயின் பாய் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "நை மேடம்" என்றார். "ஜோ தேக்கா, வஹிச் லிக்கா."

எதைப் பார்த்தேனோ, அதைத்தான் எழுதினேன். மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த லாபில் அதற்குப் பதில் சொல்கிற யோக்கியதை யாருக்கு இருந்தாலும் எனக்கு இல்லை.

இன்னும் மூன்று மாதம் தற்காலிகமாகவே இருந்தேன். மறுபரீட்சையில் தேறினேன், நிரந்தரமானேன், பேங்க் பரீட்சையிலிருந்தும் தப்பித்தேன். இன்று அந்த லாபின் கோப்புகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. உருதுக் கையெழுத்துப் போட்ட அந்த மதிப்பெண் காகிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ஆடிட்டிலும் யாராவது ஒரு புது ஆடிட்டர் அதை எடுத்து, "இது என்ன?" என்று கேட்பார். கிழித்துப்போடவும் முடியாது, அதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை. முதலிலிருந்து கடைசி வரை நானே விளக்கிச் சொல்ல வேண்டும்.

லாலாகுடாவில் இந்தக் கதை பரீட்சை அன்றைக்கே தெரிந்துபோனது. அதோடு செல்வி என்று என்னைக் கூப்பிடுவதைச் சித்தி நிறுத்திவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகிறது. போன வாரம்கூட என் கணவரின் போனில் கூப்பிட்டு, "மாப்ள, முப்பத்திநாலு இருக்காளா?" என்று கேட்டாள். அவரும் போனை என்னிடம் நீட்டினார்.